ஒருமுறை உறைந்தால் பரவாயில்லை

1

ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லிப் போன் வந்தது. 'வெளியூரில் நம்மவர் சாதனை' என்று ஒரு பகுதியாம். நான் மும்பைக்கு ரயிலேறி இந்த வருஷத்தோடு இருபது முடிகிறது என்பதையும் அவர்களே கணக்குப் பண்ணி வைத்திருந்தார்கள். "வெள்ளைக் கோட்டு போட்டு, மெஷின் பக்கத்துல நிக்கிற மாதிரி ஒரு படம் அனுப்புங்க" என்றார் செயலாளர். சரி என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் புகழ்ந்தால் எனக்கும் கசக்காது.

உட்கார்ந்து முதல் பக்கத்தை எழுதியும் விட்டேன். செம்பூரில் சொந்த வீடு, தாணே தாண்டி மருந்துக் கம்பெனியில் சீனியர் உத்தியோகம், மகள் ஹெப்சி கல்லூரிக்குப் போகப் போகிறாள் என்றெல்லாம் வந்திருந்தது. படித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. போன மாதம் நடந்த காரியத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்தை என் கையால் அனுப்ப முடியாது. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

மும்பை என்ன வெளிநாடா என்று ஊரில் கேட்கிறவர்கள் உண்டு. ஹெப்சிக்கு இந்த மாநிலத்தில் குடியிருக்கும் சான்றிதழ் வாங்க நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டார்கள். இங்கேயே பிறந்த பிள்ளை. ஆனாலும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மராத்தியில் ஏதோ கேட்க, நான் இந்தியில் பதில் சொல்ல, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து "நீங்கள் எந்த ஊர்?" என்றார். இருபது வருஷமாக எனக்கு அந்தக் கேள்வி மட்டும் மாறவில்லை.

2

என் வேலையைச் சொல்லாமல் நடந்தது புரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றினால் ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்துவிடும். அப்போது ஒரு சாதாரணக் காய்ச்சல்கூட ஆளைக் கொண்டுபோய்விடும். எலும்பு மஜ்ஜையைத் தட்டியெழுப்பி வெள்ளணுக்களைப் பெருக்குகிற ஒரு புரதம் இருக்கிறது. அதை அப்படியே ஊசியாகப் போட்டால் சிறுநீரகம் சில மணி நேரத்தில் வெளியே தள்ளிவிடும், தினமும் குத்த வேண்டியிருக்கும். அதனால் அந்தப் புரதத்தின் ஒரு முனையில் நீளமான பாலிமர் இழை ஒன்றை வேதியியல் முறையில் ஒட்டுகிறார்கள். இழை தண்ணீரை இழுத்து உப்பிக்கொள்ளும். சிறுநீரகத்தின் சல்லடையில் அது நுழையாது. ஒரே ஊசி பல நாள் தாங்கும்.

ஒட்டுகிற வேலை நாம் நினைத்தபடி நடக்காது. ஒன்றில் ஒரு இழை ஒட்டும், இன்னொன்றில் இரண்டு ஒட்டிக்கொள்ளும், சிலதில் ஒட்டவே ஒட்டாது. சில புரதங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரளாகிவிடும். இவற்றைப் பிரித்து, எது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நுண்துளை மணிகள் அடைத்த ஒரு எஃகுக் குழாய்க்குள் மருந்தைச் செலுத்துவோம். மாட்டுங்கா மார்க்கெட்டுக்குக் குடும்பத்தோடு போனால் சின்னப் பிள்ளைகள் ஒவ்வொரு கடைக்குள்ளும் நுழைந்து நுழைந்து கடைசியில் வந்து சேருவார்கள். எந்தக் கடைக்குள்ளும் நுழைய முடியாத பருத்த மாமா நேரே நடந்து முதல் ஆளாகத் தெருமுனையில் போய் நிற்பார். குழாய்க்குள்ளும் அதேதான். பெரியது முதலில் வரும், சிறியது பிறகு வரும். கணினித் திரையில் ஒரு பெரிய மேடு எழும்பும். அதுதான் நல்ல மருந்து. அதற்கு முன்னால் குட்டியாக ஒரு மேடு தலைகாட்டினால் அது திரள். திரண்ட புரதம் வேலை செய்யாது. உடம்பு அதை அந்நியன் என்று நினைத்து எதிர்க்கவும் ஆரம்பிக்கலாம்.

திரளுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, உறைவது. ஃப்ரிட்ஜின் குளிர் இந்த மருந்துக்கு வேண்டும், ஃப்ரீசர் ஆகாது. ஐஸ் கட்டும்போது புரதம் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. எங்கள் ஊசியோடு வரும் தாளில் ஒரு சலுகை போட்டிருக்கும். தவறிப்போய் ஒருமுறை உறைந்துவிட்டால் ஃப்ரிட்ஜிலேயே இளகவிட்டுப் போடலாம். இரண்டாம் முறை உறைந்தால் எறிந்துவிட வேண்டும்.

லேபில் நான் பொல்லாதவன் என்று பெயர் வாங்கியவன். குளிர்பெட்டியின் கதவு கொஞ்சம் அதிக நேரம் திறந்திருந்தாலும் உடனே எழுதி வை என்று கீழே இருக்கிற பிள்ளைகளை விரட்டுவேன். "தப்பு நடக்கும், அது குத்தமில்ல. சொல்லாம மறைச்சா அதுதான் குத்தம்" என்று புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன். என் வசனம் அவர்களுக்கு மனப்பாடம்.

3

எஸ்தர் அக்கா என் பெரியப்பா மகள். தாராவியில் இருக்கிறாள். மும்பைக்கு வந்த புதிதில் அவள் வீட்டுப் பரணில்தான் படுத்துக் கிடந்தேன். தங்கராஜ் அத்தான் தோல்பை பட்டறையிலிருந்து வந்ததும், ஒரே அறையில் அவர்கள் இரண்டு பேரும், மகள் பிரின்சியும், பரணில் நானும். எனக்கு இன்டர்வியூ என்றால் அன்றைக்குக் குழாயடியில் அக்கா எனக்காக முதலில் குடம் வைத்து இடம் பிடிப்பாள். சம்பளம் வந்ததும் செம்பூருக்குப் போய்விட்டேன். ஆபீசில் யாராவது கேட்டால் "செம்பூர்" என்று மட்டும் சொல்வேன், அதற்கு முன்னால் எங்கே இருந்தேன் என்று சொன்னதில்லை.

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். முதல் தடவை மருந்து ஏற்றியபிறகு வெள்ளணு சரிந்து, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டுவிட்டார்கள். பிழைத்ததே பெரிசு. அதனால் அடுத்த தடவைக்கு இந்த ஊசி கட்டாயம் என்று டாக்டர் எழுதினார். ஆஸ்பத்திரியின் உதவி கவுண்டரில் ஏழைகளுக்குத் தருமத்தில் கிடைக்கும். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று அங்கே அத்தானை அலைக்கழித்து, கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஊசியைக் கொடுத்தார்கள். மருந்து ஏற்றுவது வெள்ளிக்கிழமை. மறுநாள் மதியத்துக்கு மேல் தாராவியிலேயே ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

அது என் கம்பெனியின் ஊசியா, வேறு கம்பெனியா என்று நான் பார்க்கவில்லை. மருந்து அதே மருந்துதான். அக்காவுக்கு அதில் ஒரே பெருமை. "எந்தம்பி செய்யுத ஊசில்லா" என்று ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறவர்களிடம்கூடச் சொல்வாள்.

"செய்யுதது இல்லக்கா, சோதிச்சுப் பாக்கிறதுதான் என் வேலை" என்று நானும் ஒவ்வொரு தடவையும் திருத்துவேன்.

"எல்லாம் ஒண்ணுதாம்ல" என்பாள்.

அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் மழைத் தண்ணீர் புகுந்து கெட்டுப் போயிருந்தது. பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கலாம் என்றால் பிரின்சிக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. தாய்க்கு இந்த வியாதி என்று சந்தில் தெரிந்தால் பேச்சு அதோடு நின்றுவிடும். தலைமுடி கொட்டியதற்கு ஊரில் மொட்டை போட்டேன் என்று சொல்லி வைத்திருந்தாள், சபைக்குப் போகிற வேதக்காரி மொட்டை போடுவாளா என்று யாரும் யோசிக்காதது அவள் அதிர்ஷ்டம். "ஒன் வீட்டு ஃப்ரிட்ஜ்ல வையில" என்று போன் பண்ணினாள். புதன்கிழமை வேலை முடிந்து வரும்போது சயன் ஸ்டேஷனில் இறங்கிப் போய் வாங்கிக்கொண்டேன். ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் ஈரத்துணி சுற்றிக் கொடுத்தாள். செவ்வாய் ராத்திரி எங்கே வைத்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை. ஜாக்கிரதை, ஐஸ் ஆகக் கூடாது என்று அவளுக்கு ஒரு பாடம் மட்டும் நடத்திவிட்டு வந்தேன்.

4

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற சீட்டு எல்லாம் தமிழில்தான் இருக்க வேண்டும். ஹெப்சி தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். பால்காரர், கேஸ்காரர், மிச்சக் குழம்பு என்று தினமும் கண்ணில் பட்டால் எழுத்து தானாக ஏறும் என்பது என் கணக்கு. அவளோ சீட்டைப் பார்த்ததும் "மம்மீ, யே க்யா லிக்கா ஹை?" என்று என் மனைவி ஷீலாவைக் கூப்பிடுவாள். என்ன எழுதியிருக்கிறது என்று ஷீலா வாசித்துச் சொல்வாள். இப்படியே பல வருஷம் போய்விட்டது.

டிபன் டப்பாவின் மேலும் என் சட்டப்படி சீட்டு ஒட்டினேன். 'மருந்து. ஃப்ரீசரில் வைக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

வியாழன் சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சபையில் வாரம் ஒரு வீடு என்று முறை வைத்து நடக்கும், வருகிறவர்களுக்கு டீயும் ஏதாவது இனிப்பும் கொடுப்பது வழக்கம். ஷீலா பெரிய பாத்திரத்தில் கஸ்டர்ட் செய்து குளிர வைக்கச் சொல்லியிருக்கிறாள். ஹெப்சி இடம் பண்ணுவதற்காக டப்பாவைத் தூக்கி மேலே ஃப்ரீசரில் வைத்துவிட்டாள். அன்றைக்கு ஜெபத்தில் அக்காவுக்காகவும் வேண்டிக்கொண்டோம், பெயர் சொல்லாமல், 'ஒரு சகோதரி' என்று.

வெள்ளி காலையில் டப்பாவைக் காணவில்லை. ஃப்ரீசரைத் திறந்தேன். ஊசிக்குள் மருந்து வெள்ளையாகக் கட்டியிருந்தது.

"யாரு இத மேல வச்சது?" என்று நான் போட்ட சத்தத்தில் ஹெப்சி பயந்துவிட்டாள்.

"பப்பா, முஜே க்யா பதா? எனக்கு என்ன தெரியும்? எனக்கு அது படிக்க வராதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். அவள் மேல் கோபப்பட எனக்கு ஒரு வழியும் இல்லை. இங்கிலீஷில் நாலு எழுத்து எழுதியிருந்தால் போதும். பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க நேரம் ஒதுக்காதவன் ஒரு மருந்து டப்பாவை வைத்துத் தமிழ் வளர்க்கப் பார்த்தேன்.

டப்பாவைக் கீழ்த்தட்டில் வைத்தேன். ஒருமுறைதானே, ஒருமுறை உறைந்தால் பரவாயில்லை என்று தாளிலேயே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஷீலா, "எஸ்தர் மைனிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றாள். "சொல்லி என்னத்துக்கு? வீணா பயப்படுவா" என்று விட்டுவிட்டேன். அக்கா பயப்படுவாள் என்பதற்காக அல்ல. இந்த ஊசி கெடாமல் பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவன் வீட்டில் இது கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கம்தான், வேறு ஒன்றுமில்லை.

ரயிலில் போகும்போது ஒரு யோசனை ஓடியது. லேபுக்குக் கொண்டுபோய்க் குழாயில் விட்டுப் பார்த்தால், முன்னால் குட்டி மேடு வருகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். வெளி மருந்தை உள்ளே கொண்டுபோக அனுமதி கிடையாது என்பது ஒரு பக்கம். போனாலும் ஊசியை உடைத்து மருந்தை எடுத்தால்தான் சோதிக்க முடியும். சோதித்த பிறகு அக்காவுக்குப் போட ஊசி இருக்காது. நாங்கள் ஒரு தொகுப்பில் சிலதை உடைத்துப் பார்த்து மீதியை நம்புகிறவர்கள். ஒன்றே ஒன்று இருந்தால் எங்கள் படிப்பெல்லாம் சும்மா. அது இதற்குமுன் எங்கே, எப்படி இருந்தது என்று தெரிந்தவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

5

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் தாராவிக்குப் போனேன். ஊசி இளகி, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. தெளிவாக இருப்பதால் நல்லது என்று அர்த்தமில்லை, அதுவும் எனக்குத் தெரியும். முதல் நாள் ஏற்றிய மருந்தில் அக்கா துவண்டு போயிருந்தாள். தலையில் முக்காடு போட்டு, அத்தான் ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாகக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம்.

நர்ஸ் கையில் பஞ்சோடு வந்தாள். அக்கா சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"ஏல, ஒரு நிமிசம். ஒண்ணு சொல்லுதேன், ஏசாத."

"என்னக்கா?"

"செவ்வாக்கெழம ராத்திரி அத குல்ஃபி விக்கிற பையாவோட ஐஸ் பெட்டிலதாம்ல வச்சிருந்தேன். கீழ இருக்காம்லா, அவன்ட்ட சுகர் மருந்துன்னு சொன்னேன். காலைல எடுத்தா கட்டியா கெடந்துச்சு. நீ வந்து ஐஸ் ஆவக்கூடாதுன்னு சொன்ன பொறவுதான் எனக்குத் திக்குன்னு ஆச்சு. படிச்ச பிள்ளகிட்ட எப்படிச் சொல்ல, வெக்கமா இருந்துச்சு. இப்ப எளகிட்டுல்லா? ஒண்ணும் செய்யாதே?"

அக்கா ஏன் ஐஸ் பெட்டியில் வைத்தாள் என்பது எனக்கு உடனே விளங்கியது. எங்கள் பெரியப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் போட்டு ஏற்றுகிற வேலை பார்த்தவர். ஐஸ் போட்டது கெடாது, ஐஸ் குறைந்தால் சரக்கு போச்சு. அக்கா அந்த வீட்டில் வளர்ந்தவள். விலையுயர்ந்த ஒன்றை அவள் கையில் கொடுத்தால் ஐஸில்தான் வைப்பாள். நானும் அந்த ஐஸ் வண்டியில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவன். புதன்கிழமை பாடம் நடத்தியபோது முதலில் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

குல்ஃபிப் பெட்டியில் ஒருமுறை. என் வீட்டில் ஒருமுறை.

அவள் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த ஊசி ஏறியிருக்கும். அவள் ஒன்றை மறைக்க, நான் ஒன்றை மறைக்க, ஒருமுறைதான் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் நின்றிருப்போம். முடியாத உடம்போடு அவள் வாய் திறந்தாள். நான் திறக்கவில்லை.

"போடாதீங்க சிஸ்டர்" என்றேன். அக்கா முகம் வெளுத்துவிட்டது, தன்னால்தான் என்று நினைத்துவிட்டாள். அப்போதுதான் சொன்னேன். "அக்கா, எங்க வீட்டுலயும் ஐஸாயிட்டு. வியாழக்கெழம. எனக்கு வெள்ளிக்கெழமயே தெரியும். உங்ககிட்ட சொல்லல."

அத்தான் என்னைப் பார்த்தார். "ஏன் மாப்ள?" என்று மட்டும் கேட்டார். டாக்டருக்குப் போன் போட்டேன். அந்த ஊசி வேண்டவே வேண்டாம், திங்கட்கிழமைக்குள் வேறு ஊசி போட்டாக வேண்டும் என்றார். உதவி கவுண்டர் அதற்குள் மூடியிருந்தது. மருந்துக்கடையில் வாங்கிவிடுகிறேன் என்றேன். விசாரித்த கடைகளில் இருப்பு இல்லை, வரவழைத்துத் தர செவ்வாய்க்கிழமை ஆகிவிடும் என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. அக்காவுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று மணிக்கு ஒரு தடவை பிரின்சிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன்.

6

திங்கட்கிழமை கவுண்டர் திறக்கும்போதே நாங்கள் நின்றோம். காய்ச்சல் இல்லை. அந்த நல்ல செய்தியோடு வந்திருந்தேன்.

கவுண்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, போன வாரம்தானே கொடுத்தோம், அது என்ன ஆயிற்று என்று இந்தியில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். தாராவி இந்தியில், "நான்தான் சாப், ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன்" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். கீழே என் விரலைப் பிடித்து அழுத்தினாள், பேசாதே என்று.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வரிசையில் எத்தனை பேர் இதற்காகக் காத்திருக்கிறார்கள் தெரியுமா என்று சத்தம் போட்டார். பிறகு, "படே லிக்கே நஹீ ஹோ, தோ கிஸீ படே லிக்கே ஸே பூச் லேதே!" என்றார். உனக்குப் படிப்பு இல்லையென்றால் படித்தவர் யாரையாவது கேட்டிருக்கலாமே என்று அர்த்தம். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

அவள் விரலை விடுவித்துக்கொண்டு முன்னால் போனேன். "கேட்டாள் சாப். என்னைத்தான் கேட்டாள். இதே மருந்தைச் செய்கிற கம்பெனியில் வேலை செய்கிறவன் நான். என் வீட்டிலும் உறைந்தது, நான் சொல்லவில்லை" என்றேன். என் இந்தி ஆண்பால் பெண்பால் எல்லாம் தாறுமாறாக வந்தது. அவர் என்னைப் பார்த்தார். என் ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, அதையும் பார்த்தார். அவர் ஏசியிருந்தால் தேவலை. அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு புது ஊசியை எடுத்துக் கொடுத்தார். மரியாதை எல்லாம் அவளுக்குத்தான், "லோ, மாஜி", இந்தாங்க அம்மா என்று.

இந்தத் தடவை எங்கேயும் கொண்டுபோகவில்லை. அங்கேயே ஊசி அறைக்குப் போய்விட்டோம். மலையாள நர்ஸ், தமிழும் பேசினாள். அக்காவின் கையைத் துடைத்து ஊசியைப் போட்டுவிட்டு, "இனியும் நாலு தடவ இருக்கு. அடுத்த ஊசி எங்க வைப்பீங்க? வீட்டுல ஃப்ரிட்ஜ் உண்டா?" என்று கேட்டாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இவம் வீட்டுலதான்" என்றாள் அக்கா. "எந்தம்பி. இவன் செய்யுத ஊசில்லா இது."

எப்போதும் நான் திருத்துகிற இடம் அது. அன்று நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இத்தனை நாளாக நான் சொல்லிக்கொடுத்ததை அவளே நர்ஸிடம் சரியாகச் சொன்னாள்.

"செய்யுதது இல்ல. கெட்டுப்போச்சா, நல்லாருக்கான்னு பாத்துச் சொல்லுததுதான் இவன் வேல."